மாடிப்படிக்குக் கீழே ஓர் அலமாரி

என் அக்காவுக்குக் கோபம் வராது. அவளுக்கும் சேர்த்து எனக்கு வரும். இதையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வார்த்தை கொஞ்சம் சூடாக விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டால் அதுவும் சரிதான்.

அக்கா ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடிப்பது அவள் வேலை. ஓரத்தில் ஒரு பொட்டுக் கறை இருந்தால் போதும், அந்த விரிப்பை அங்கே கழித்துவிடுவார்கள். அக்கா கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவாள். அவள் வீட்டில் ஒரு விரிப்புக்கு ஆயுசு கெட்டி. படுத்துப் படுத்து நடுவில் நைந்துபோனால் நீளவாக்கில் இரண்டாக வெட்டி, கெட்டியாக இருக்கும் ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து சேர்த்துத் தைப்பாள். அதுவும் போனால் தலையணை உறை, பிறகு அடுப்படித் துணி, கடைசியாகத் தரை துடைக்கும் துணி. பேருந்து ஓட்டும் அத்தான், "ஒரு நாள் என்னையும் நடுவுல வெட்டி, ஓரத்தை உள்ள வெச்சுத் தைக்கப்போறா" என்பார். "உங்களுக்கு ஓரமும் நைஞ்சு போச்சே" என்பாள் அக்கா.

கஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டாள். ஆனால் காய்கறி கழுவிய தண்ணீர் சன்னலோரச் செடிக்குத்தான் போக வேண்டும், ஜாம் தீர்ந்த பாட்டிலில் மிளகு ஏற வேண்டும், அத்தானின் பழைய பனியன் கடைக்குப் போகும் பையாக வேண்டும். பிள்ளைகளுக்குச் சீருடை வாங்கும்போதே பெரிதாக வாங்கி, கீழ்மடிப்பை உள்ளே வைத்துத் தைத்து, வருடா வருடம் இறக்கிவிடுவாள். சுற்றுச்சூழல் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஒருவர் உழைத்துச் செய்த பொருளை, அதற்கு உயிர் இருக்கும்போதே எறிவது அவளுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

எங்கள் குடியிருப்பில் ஐந்து மாடி. தரைத்தளத்தில் மாடிப்படிக்குக் கீழே, துடைப்பம் வைக்கும் ஒரு சிறிய அறை உண்டு. அதில் யாரோ விட்டுப்போன அலமாரி ஒன்று கிடந்தது. அக்கா அதைத் துடைத்து, பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன காலணிகளையும் மழைக்கோட்டையும் கழுவி வைத்தாள். மறுநாள் அவை இல்லை. அடுத்த வாரம் யாரோ ஒரு பள்ளிப்பையை வைத்திருந்தார்கள். அப்படியே பிடித்துக்கொண்டது. சின்னதானதை வைப்பது, வேண்டியதை எடுப்பது. கிழிந்ததாக இருந்தால் அதில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைக்க வேண்டும். அக்கா எடுத்துப்போய்த் தைத்து, நூலை அவிழ்த்துவிட்டுத் திரும்ப வைப்பாள்.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. யார் வைத்தது, யார் எடுத்தது என்று யாரும் கேட்கக் கூடாது, பார்த்தாலும் சொல்லக் கூடாது. உள்ளே போகிறவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சிறுமியாக இருந்தபோது அக்கா யாரோ கொடுத்த கவுனைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். "அய்ய, அது என்னோட பழைய கவுன்!" என்று ஒருத்தி வகுப்பே கேட்கும்படி கத்தினாள். அன்று மாலை அக்கா வீட்டுக்கு வந்து அந்தக் கவுனைக் கழற்றியவள்தான், பிறகு அதைத் தொடவே இல்லை. எனக்கு இன்றைக்கும் அந்தப் பெண்ணைப் பார்த்தால் நாலு கேட்க வேண்டும் போலிருக்கிறது.

இந்தக் கட்டுப்பாட்டால் பலருக்கும் நல்லது நடந்தது. முக்கியமாக நான்காம் மாடிக்காரிக்கு. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு மருத்துவமனையில் ஆயா வேலை பார்க்கிறாள். கை நீட்டிக் கேட்கிற ரகமில்லை. பள்ளி திறக்கும் மாதங்களில் அவளுக்காகவே அக்கா உட்கார்ந்து தைப்பாள், அடி தேய்ந்த காலணிகளுக்குத் தெருமுனைத் தொழிலாளியிடம் புது அடி போட்டு வாங்கி வருவாள். ஆனால் "உனக்குத்தான்" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அலமாரியில் வைப்பாள், அவள் எடுத்துக்கொள்வாள்.

இனி பளபள சாருக்கு வருகிறேன். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். எதுவும் பளபளவென்று இருக்க வேண்டும் அவருக்கு. மிதியடியைக் கூட மிதிக்க விடமாட்டார். இந்த வருடம் நகர நிர்வாகம் 'பசுமைக் குடியிருப்பு' என்று ஒரு பரிசு அறிவித்தது. மனுஷனுக்குத் தூக்கம் போய்விட்டது. பிளாஸ்டிக் செடிகளை வாங்கிப் படிக்கட்டு நெடுக வைத்தார். ஆமாம், பிளாஸ்டிக் செடி. பசுமைப் பரிசுக்கு. நன்றாக இருந்த குப்பைத் தொட்டிகளை எறிந்துவிட்டுப் பச்சை நிறத்தில் புதிதாக வாங்கினார். அதிகாரிகள் சனிக்கிழமை வருகிறார்கள் என்றதும், வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போன நேரத்தில் ஆள் கூட்டிவந்து, "படிக்குக் கீழ இருக்கிறதெல்லாம் எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை பள்ளி திறப்பு. அலமாரி நிறைந்திருந்தது. அக்கா கண் வலிக்கத் தைத்து வைத்த சீருடைகள், புது அடி போட்ட காலணிகள், ஒட்டுப் போட்ட மழைக்கோட்டுகள், எல்லாம் குப்பை லாரியில் போய்விட்டன. சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் வெறும் அலமாரியின் முன்னால் நின்றாள். உள்ளே கிருமிநாசினி நாற்றம். "மேல் தட்டுல மூணு ஜோடி வெச்சிருந்தேன்டி" என்றாள், என்னவோ நான் எடுத்து ஒளித்து வைத்ததுபோல. நான் நேராகப் பளபள சார் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். "நாளைக்குப் பேசலாம்" என்று உள்ளேயிருந்தே சொன்னார்.

மறுநாள் காலையில் அவரே அக்கா வீட்டுக்கு ஓடி வந்தார், வியர்க்க விறுவிறுக்க, இரண்டு கையிலும் பெரிய பைகளோடு. விஷயம் இதுதான். பரிசுக்காகப் பார்வையிட வரும் அதிகாரியம்மா தொலைபேசியில் சொன்னாராம், வந்ததும் முதலில் அந்த அலமாரியைத்தான் பார்க்க வேண்டும் என்று. ஏனென்றால் பளபள சாரே பெருமையடித்து, அலமாரியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்! எதைக் காட்டிப் பரிசு கேட்டாரோ அதையே அழுக்கு என்று வாரிக் கொட்டியிருக்கிறார். இப்படி ஒரு மூளையை நான் எங்கும் பார்த்ததில்லை.

"கடை திறந்ததும் வாங்கிட்டு வந்துட்டேன்மா. காலணி, மழைக்கோட்டு, பை, எல்லாம் புதுசு. நீங்க கொஞ்சம் கசக்கி, தேய்ச்சு, பழசு மாதிரி பண்ணி அடுக்கிடுங்க. அவங்க பார்த்துட்டுப் போனதும் கடையில திருப்பிக் குடுத்துடலாம்."

"தேய்ச்சதைக் கடையில எப்படி சார் திருப்பி எடுப்பாங்க?" என்று நான் கேட்டேன். மனுஷன் அதையும் யோசிக்கவில்லை.

அக்கா பைகளை வாங்கிக்கொண்டாள். "சரி, வெக்கறேன்" என்றாள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. இத்தனை நாள் தைத்ததை எறிந்தவனுக்கு எடுபிடி வேலையா? கத்தினேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஒரு சுருக்கம் கூடப் போடாமல் எல்லாவற்றையும் புதிதாகவே அடுக்கினாள். பளபள சார் சட்டை மாற்ற வீட்டுக்குப் போனதும் அவள் படியேறினாள். ஒவ்வொரு கதவாகத் தட்டி, "அலமாரியில சாமான் வந்திருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போனாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அதிகாரியம்மா வந்தபோது அலமாரி துடைத்து வைத்ததுபோல இருந்தது. பளபள சார் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்க, ஒண்ணையும் காணோமே?" என்றார் அதிகாரியம்மா.

"முன்ன இருந்தது நேத்து குப்பை லாரியில போயிடுச்சுங்க. இன்னைக்கு வந்தது பிள்ளைங்க கால்ல போயிடுச்சு" என்றாள் அக்கா.

அதிகாரியம்மா பிளாஸ்டிக் செடியின் இலையை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார். பரிசு வேறு யாருக்கோ போனது.

ஞாயிற்றுக்கிழமை மாலை, வண்டி நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம். ஒருத்தியின் திமிரால் குடியிருப்பே தலைகுனிந்துவிட்டது என்று பளபள சார் ஆரம்பித்தார். "குப்பை பொறுக்கற புத்தி" என்றும் ஒரு சொல் விட்டார். கூட்டத்தில் பாதிப்பேரின் பிள்ளைகள் அந்த அலமாரியில் எடுத்ததைப் போட்டு வளர்ந்தவர்கள். அவருடைய பேரன் படுத்த தொட்டில் கூட அங்கிருந்து போனதுதான். அவருடைய மனைவி எடுத்துப்போனதை நானே பார்த்தேன். ஒருவர் வாய் திறக்க வேண்டுமே! எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொட்டிலைச் சொல்லிவிடலாம் என்று நான் எழுந்தேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உட்காருடி. அதைச் சொல்லக் கூடாது."

"அந்த ரூமைப் பூட்டிடலாம்னு நினைக்கறவங்க கை தூக்குங்க" என்றார் பளபள சார். பிறகு குரலில் தேன் தடவிக்கொண்டு சொன்னார்: "யாருக்காவது அந்தச் சாமான் இல்லாம முடியாதுன்னா, அவங்க தூக்க வேண்டாம். நாங்க புரிஞ்சுக்கறோம்."

படுபாவி. கை தூக்காதவர்கள் யார் என்று ஊருக்கே தெரிந்துபோகும் அல்லவா? கைகள் மளமளவென்று எழுந்தன. தொட்டில் எடுத்தவளின் கைதான் முதலில். ஒவ்வொருவராகத் தூக்கத் தூக்க, எனக்கு ஒவ்வொருவரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. கடைசியில் மூன்று பேர்தான் தூக்கவில்லை. நான், அக்கா, பின்வரிசையில் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்த நான்காம் மாடிக்காரி. அவள் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு, அழுகிற முகத்தோடு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பளபள சாரின் கண் பின்வரிசைப் பக்கம் திரும்ப ஆரம்பித்தது.

அக்கா கையைத் தூக்கினாள். நன்றாக, மேலே, அவளுக்குத் தெரியும்படி. அதற்குப் பிறகுதான் நான்காம் மாடிக்காரியின் கை மெதுவாக எழுந்தது.

நான் தூக்கவில்லை. பளபள சார் அறையைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். படியில் அக்காவை வழிமறித்தேன்.

"உனக்கென்ன பைத்தியமா? உன் கையாலயே மூடிட்டியே! அவ ஒருத்தியாவது உன் பக்கம் நின்னிருப்பா."

"நின்னிருப்பாடி" என்றாள் அக்கா. "நிமிஷத்துல அந்த ஆளு குனிஞ்சு அவ பிள்ளைங்க காலைப் பார்த்திருப்பான். அவன் வாங்கின காலணி அவனுக்குத் தெரியாதா?"