தோணிப் பலகையில் பட்ட குண்டு

அபூசாலியின் துவக்கைக் கேலி செய்யாத ஆள் கல்முனையில் இல்லை. அது காற்றுத் துவக்கு. கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றக் காலத்தில் மணலில் கம்பு நட்டு, ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, அதன் முன்னால் பலூன் கட்டிச் சுடக் கொடுப்பான். குண்டு போவது கண்ணுக்கே தெரியும்.

"அபூசாலிக் காக்கா, நான் நடந்துபோய் ஊசியால குத்தினா இதைவிடக் கெதியா உடையும்" என்பார்கள் பொடியன்கள்.

அவன் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருந்தான். உள்ளே இருந்த ஸ்பிரிங்கை வெட்டிக் குறைத்திருந்தான். கடை திறக்கும் முன் வெறும் பால் டின்னை வைத்துச் சுட்டுப் பார்ப்பான். டின் நசுங்கினால் சரி, துளை விழுந்தால் துவக்கு வெளியே வராது. துவக்குக்குப் போடும் ஈய ரவை கிடைக்காததால் சைக்கிளுக்குப் போடும் சின்ன இரும்புக் குண்டுகளைப் பாவித்தான். கடல் தண்ணீரில் ஊறிய சாக்கில் பட்ட குண்டு பொத்தென்று விழும். பொறுக்கி எடுத்துத் திரும்பவும் போடலாம். சாக்குக்குப் பக்கத்தில் இருந்து பலூன் ஊதிக் கட்டுவது அவன் பெண்சாதி கைருன்னிஸாவின் வேலை. இத்தனை கொடியேற்றத்திலும் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை என்பதுதான் அந்த மனிதனுக்கு இருந்த ஒரே பெருமை. அதற்கும் நாங்கள் சிரித்தோம்.

எண்பத்திரண்டில் வெளியூரான் ஒருத்தன் புதுத் துவக்கோடு வந்து பக்கத்தில் கடை போட்டான். அவனுடையது சடாரென்று வெடித்தது. சனம் முழுக்க அங்கே போனது. அபூசாலி இரண்டு நாள் ஈ ஓட்டினான். மூன்றாம் நாள் காலையில் சைக்கிள் திருத்தும் றஊபிடம் துவக்கைக் கொண்டுபோய்ப் புது ஸ்பிரிங் போடச் சொன்னான்.

அன்று டின்னில் துளை விழுந்தது. சாக்கையும் குண்டு துளைத்துக்கொண்டு போனது. அபூசாலி ஓடிப்போய்ச் சாக்குக்குப் பின்னால் பார்த்தான். அங்கேதான் நேர்ச்சை கொண்டு வந்த பெண்கள் பிள்ளைகளோடு மணலில் இருப்பார்கள். அப்போதே பழைய ஸ்பிரிங்கைப் போட்டிருக்க வேண்டும். அவனோ கரையில் கிடந்த உடைந்த தோணியின் பலகையைத் தூக்கிவந்து சாக்கு இருந்த இடத்தில் நிறுத்தினான். உப்பில் ஊறிக் காய்ந்து இறுகிய பலகை.

"நான் இந்தப் பக்கத்தில இருக்கலாமா?" என்று கைருன்னிஸா கேட்டாள்.

"பயம் பின்னாலதான் புள்ள. பக்கத்தில ஒண்டுமில்ல."

சனம் திரும்பி வந்தது. நற்பிட்டிமுனைக்காரன் ஒருத்தன் சுட்டான். குறி தவறியது. குண்டு பலகையில் பட்டு வந்த வேகத்தில் தெறித்தது. நனைந்த சாக்காக இருந்தால் விழுங்கியிருக்கும். கைருன்னிஸா கையிலிருந்த பலூனை விட்டுவிட்டு இடது கண்ணைப் பொத்தினாள். முக்காடு நனைந்து சிவந்தது.

மட்டக்களப்புக்குக் கொண்டு போனார்கள். அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார்.

அவள் அவனை ஒரு வார்த்தை ஏசவில்லை. "ஊரான்ட பிள்ளைக்குப் படாம எனக்குப் பட்டதே, அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். ஏசியிருந்தால் அவன் கொஞ்சமாவது தேறியிருப்பான் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது. அதன்பின் அவன் கடை போடவில்லை. கேலி செய்ய எங்களுக்கும் வாய் வரவில்லை.

எண்பத்தைந்தில் கலவரம் வந்து ஊர் கெட்டது. துவக்கு வைத்திருப்பவர்கள் எல்லாரும் பொலிசில் ஒப்படைக்க வேண்டுமென்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். பயிர்க் காவலுக்குத் துவக்கு வைத்திருந்த வயற்காரர்களின் வரிசையில் அபூசாலியும் நின்றான். அவனுக்குப் பின்னால் எங்கள் வயல் துவக்கோடு நான் நின்றேன். துவக்கை வாங்கிப் பார்த்த பொலிஸ்காரருக்குச் சிரிப்பு வந்தது.

"இதால ஆள் சாகுமா?"

"சாகாது, ஐயா. கண் போகும்."

அவர் சிரித்தபடியே அதை மூலையில் போட்டார்.

நான் அவனோடு வீடு வரை போனேன். சோறு போட்டு வைத்திருந்த கைருன்னிஸா, "குடுத்திட்டீங்களா?" என்று கேட்டாள். "ஓம்" என்றான். பிறகு அவளைச் சுற்றிப்போய் இடது பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் எப்போதும் அங்கேதான் இருப்பானாம். அந்தப் பக்கம் இருந்து அழுதால் அவளுக்குத் தெரியாது.