இரண்டு பேர் கதைக்காத மில்லில் நான் மனேச்சர்

நிர்வாகம் பற்றி என்னிடம் இதுவரை ஒருவரும் ஆலோசனை கேட்டதில்லை. கேட்டிருந்தால் பயந்து வாயை மூடியிருப்பேன். கேளாதபடியால்தான் எழுதத் துணிவு வருகிறது. நான் மேய்த்தது மொத்தம் மூன்று பேரை. அதில் ஒருவன் நானேதான். மற்ற இருவரையும்விட அவனை மேய்ப்பதுதான் கரைச்சலாக இருந்தது.

சண்டிலிப்பாய்க்கும் பண்டத்தரிப்புக்கும் நடுவில், கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமான ஒரு மில் இருந்தது. நெல் குற்றுவது, மிளகாய் இடிப்பது, மா அரைப்பது எல்லாம் அங்கேதான். சண்டையால் மின்சாரம் நின்ற பிறகு ஒரு தோட்டக்காரரின் பழைய இஞ்சினை வாங்கிப் பூட்டி, அதை மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கியிருந்தார்கள். எனக்கு முன் இருந்த மனேச்சர் கண் காட்டக் கொழும்புக்குப் போனவர். கண் சுகமாகிவிட்டதென்று கேள்வி. ஆனால் ஆள் திரும்பவில்லை. சங்கக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்த என்னைத் தலைவர் கூப்பிட்டு, நாளைக்கே மில்லுக்குப் போகச் சொன்னார். ஏன் என்னை என்று கேட்டேன்.

"நீர் பகிடி விடுறனீர். அங்கை அதுதான் தேவை" என்றார். அவர் இளைப்பாறிய தலைமை வாத்தியார். விளக்கம் கேட்டால் வாங்கின் மேல் ஏற்றி நிற்கவைத்துவிடுவார் என்ற பழைய பயத்தில் நான் மேலே கேட்கவில்லை.

போன முதல் நாளே விளங்கிவிட்டது. மில்லில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். இஞ்சினைப் பார்ப்பவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். அரைக்கும் இயந்திரத்தைப் பார்ப்பவர் அவருடைய மனைவியின் தம்பி, பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். இருவருக்கும் இடையில் நெஞ்சளவுச் சுவர் ஒன்று. அந்தச் சுவருக்கு மேலால் ஒரு வார்த்தையும் போய் வந்து இரண்டு வருடமாகியிருந்தது.

காரணம் சின்னது, அல்லது மிகப் பெரியது. நீங்கள் எந்தப் பக்கத்து ஆள் என்பதைப் பொறுத்தது. மூத்தவரின் மகள் பெரியபிள்ளையானபோது சாமத்தியவீடு வைத்தார்கள். தாய்மாமன்தான் முன்னுக்கு நின்று தேங்காய் உடைக்க வேண்டியவர். அந்தத் தாய்மாமன் இளையவர்தான். அவருக்கு, வீட்டுக்குப் போய்ச் சொல்லாமல், மூத்தவர் மில்லிலே மிளகாய்த் தூளுக்கு நடுவில் நின்று நாளைச் சொல்லிவிட்டார். மில்லில் சொன்னது ஒரு சொல்லாகுமோ என்று இளையவர் போகவில்லை. தன் வீட்டு ஆளுக்கே வெற்றிலைத் தட்டத்தோடு போய்ச் சொல்ல வேணுமோ என்று மூத்தவருக்குக் கோபம். வேறு யாரோ ஒன்றுவிட்ட மாமன் தேங்காய் உடைத்தார். அதோடு இருவருக்கும் பேச்சுக் கதை நின்றது. இருவருடைய நியாயத்தையும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டும் சரியாக இருந்தன. மனேச்சராகியவனுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் வர முடியாது. ஒருவன் பிழையாக இருந்தால் வேலை எவ்வளவு சுகம்.

ஆகவே என் உத்தியோகம் சொற்களைக் காவிச் செல்வது. "இஞ்சினைக் கொஞ்சம் மெல்ல விடச் சொல்லுங்கோ" என்பார் இளையவர். நான் சுவரின் மறுபக்கம் நடந்துபோய், மெல்ல விடட்டாம் என்பேன். "உவரை முதல் நெல்லைக் காயவைச்சு வாங்கச் சொல்லுங்கோ" என்பார் மூத்தவர். திரும்பி நடப்பேன். இஞ்சின் சத்தத்திலும் இருவரும் ஒருவர் சொல்வதை ஒருவர் நன்றாகவே கேட்டார்கள். என் வாயால் வந்தால்தான் அது சொல்லாகும். வழியில் சில சொற்களுக்குக் கொஞ்சம் எண்ணெய் பூசிக் கொடுத்தேன். "அந்த விசரனுக்கு" என்று புறப்பட்டது "அவருக்கு" என்று போய்ச் சேரும். இதற்குப் பெயர் தலைமைத்துவம் என்று பிற்காலத்தில் யாரோ சொல்லக் கேட்டேன். நான் அப்போது அதைக் கால்வலி என்றுதான் அறிந்திருந்தேன்.

ஒருமுறை முறையாகவும் செய்து பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பிளேன்டீ ஊற்றுவித்து, பனங்கட்டித் துண்டும் வைத்து, இருவரையும் ஒரே வாங்கில் இருத்தி ஒற்றுமை பற்றிப் பேசினேன். நல்ல பேச்சு. என் கண்ணே கலங்கியது. முடிந்ததும் மூத்தவர், பேச்சு நல்லாயிருந்தது, அவருக்கும் விளங்கினதோ என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். விளங்கினது, ஆனால் பனங்கட்டியை அந்தாள் இரண்டு துண்டு எடுத்துவிட்டது என்று பதில் வந்தது. அன்றிலிருந்து நான் கூட்டம் வைப்பதில்லை. தேநீர் கொடுப்பதென்றால் கொடுங்கள்; கூடவே பேச வேண்டாம். என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று அதுதான்.

மில்லுக்குப் பின்னால் குண்டுக்குப் பதுங்க, பனங்குற்றி போட்டு மூடிய பங்கர்க் குழி ஒன்று இருந்தது. குண்டு போடும் பொம்மர் வானத்தில் சுற்றும் சத்தம் கேட்டால், அரைக்க வந்த பெண்கள் எதிர் வளவுப் பங்கருக்கு ஓட, நாங்கள் மூவரும் இதற்குள் இறங்குவோம். ஒருநாள் அது தாழப் பதிந்து இரண்டு தரம் வட்டமடித்தது. இருவரும் முழங்காலோடு முழங்கால் முட்டக் குந்தியிருந்தார்கள். நான் நடுவில் நெரிபட்டுக் கிடந்தேன்.

"காலை மடக்கச் சொல்லுங்கோ" என்றார் மூத்தவர் என் காதுக்குள்.

காலை மடக்கட்டாம் என்றேன்.

"மடக்கிறதுக்கு இடமில்லை எண்டு சொல்லுங்கோ."

இடமில்லையாம் என்றேன். எங்கேயோ தூரத்தில் குண்டு விழுந்தது. கூரையிலிருந்து மண் சொரிந்தது. நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை, பயமும் வரவில்லை. அந்தக் காலத்தில் என் உடம்பில் எதுவும் முழுதாக வந்து சேர்வதில்லை. விறைத்த பல்லால் கடிப்பதுபோல, கடிக்கிறோம் என்று தெரியும், அவ்வளவுதான். வெளியே வந்து தலையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, இஞ்சினைப் போடட்டாம் என்று சொல்லப் போனேன்.

பிறகு மண்ணெண்ணெய் குறைந்தது. தலைவர் என்னைச் சங்கத்துக்குக் கூப்பிட்டார். கிடைக்கிற எண்ணெய்க்கு மில் கிழமையில் மூன்று நாள்தான் ஓடும், மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை, ஒருவரை நிறுத்த வேண்டும் என்றார். யாரை என்பதை மனேச்சரே சொல்ல வேண்டும். மாத முடிவுக்குள்.

சைக்கிளில் திரும்பி வரும்போது யோசித்தேன். மூத்தவரை நிறுத்தினால் அந்த இஞ்சினை ஸ்டார்ட் பண்ண ஊரில் ஆளில்லை. அது அவருடைய கைக்கு மட்டும் பணியும் கழுதை. வீட்டில் அந்த மகளும் அதற்குக் கீழே இன்னும் மூன்றும். இளையவரை நிறுத்தினால் மா தவிடாகும், தவிடு மாவாகும். அவருடைய வீட்டில் மனைவியின் தாய் தகப்பன் இடம்பெயர்ந்து வந்து, இருக்கிற இரண்டு அறையில் ஒன்றில் இருந்தார்கள். என்னைப் பற்றியும் யோசித்தேன். அங்கே எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. நானில்லாமல் இந்த இருவரும் ஒரு சுண்டு அரிசிகூட அரைக்க முடியாது. அவர்கள் கதையாமல் இருப்பதுதான் என் பதவி. அவர்கள் கோபம் நீடூழி வாழ்க என்று மிதித்தேன்.

நான் போய்ச் சேருமுன் செய்தி மில்லுக்குப் போயிருந்தது. அதன் பிறகு இருவரும் என்னோடு கதைப்பதைக் குறைத்தார்கள். மூத்தவர் மட்டும் ஒருமுறை, "தம்பி, உங்களுக்கும் கஸ்டம்தான்" என்றார். அதை அவர் எந்தக் கணக்கில் சொன்னார் என்று தெரியவில்லை. இளையவர் நான் கிட்டப் போனால் சாக்கைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போனார். நிறுத்தப்போகிறவனிடம் எதைச் சொல்லிவிடுவது? சைகையாலும் சுவரில் தட்டியும் வேலை ஓடியது. யாரை நிறுத்துவது என்ற முடிவு கையில் இருப்பவனுக்கு அறையில் காற்றே வராது. இதையும் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் வாசலில் நின்று, வரிசையில் நின்ற ஒரு மனுசியின் மிளகாய்க்கும் இன்னொருத்தியின் அரிசிக்கும் முறை தீர்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இளையவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் முனை இஞ்சின் பெல்ட்டில் பிடிபட்டது.

"அத்தான், நிப்பாட்டுங்கோ."

கத்தவில்லை. சாதாரணமாக, கொஞ்சம் அவசரமாகச் சொன்னதுபோல இருந்தது. நான் திரும்புவதற்குள் மூத்தவர் இஞ்சினை அமர்த்தி, சுவரைச் சுற்றி ஓடிவந்து, தடியால் பெல்ட்டைத் தட்டி விழுத்திவிட்டார். சாரம் இடுப்புவரை கிழிந்து தொங்கியது. கால் தப்பிவிட்டது. நான் வழக்கம்போல நடுவில் போய் நின்றேன். இருவரும் என்னைப் பார்க்கவில்லை.

"காலிலை பட்டதோ?"

"இல்லை. சாரம்தான்."

"ஆணியிலை என்ரை மாத்துச் சாரம் கிடக்கு. எடுத்துக் கட்டு."

இளையவர் எடுத்துக் கட்டினார். யாரும் அழவில்லை, கட்டிப் பிடிக்கவில்லை, சாமத்தியவீடு பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. மூத்தவர் பெல்ட்டை மாட்டினார். "இனி விடட்டோ?" என்று கேட்டார். "விடுங்கோ" என்றார் இளையவர். இஞ்சின் ஓடியது. நான் போய்க் கதிரையில் உட்கார்ந்தேன்.

அதன்பிறகு அவர்கள் வேலைக்கு வேண்டியதை மட்டும் கதைத்தார்கள். அது போதுமாக இருந்தது. நான் கதிரையில் இருந்தேன். சும்மா இருப்பது சரியில்லை என்று ஒருநாள் கதிரையை யன்னலடிக்கு மாற்றினேன். அடுத்த நாள் பழைய இடத்திலேயே வைத்தேன். வரிசையை ஒழுங்குபடுத்தப் போனேன். வரிசை என்னைவிட ஒழுங்காக இருந்தது. எனக்கு ஏதாவது அலுவல் சொல்லுங்கள் என்று மூத்தவரிடம் பகிடியாகக் கேட்டேன். அவர் சீரியசாக யோசித்துவிட்டு, "நீங்கள் இருங்கோ, தம்பி" என்றார். அது எனக்கு அங்கே கிடைத்த கடைசி அலுவல்.

மாத முடிவுக்குக் கொஞ்சம் முன்னதாகத் தலைவரே சைக்கிளில் வந்தார். கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தார். உள்ளே ஒருவர் "மெல்ல" என்றார், மற்றவர் மெல்ல விட்டார். தலைவரின் முகத்தில் ஓர் ஆச்சரியம் வந்து போனது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீர் இதிலை என்ன செய்யிறீர்?"

"இருக்கிறன், ஐயா."

அவர் சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்கலாம். கொஞ்சம் பொறுத்துச் சிரிப்பு நின்றது. யாரை நிறுத்துவதென்று யோசித்தீரோ என்று கேட்டார். ஓம், என்னை என்றேன். இதில் தியாகம் என்று எதையும் தேட வேண்டாம். இரண்டு இரவாக வேறு விடை தேடியும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இஞ்சினுக்கு ஓர் ஆள் வேண்டும், அரைக்கும் கல்லுக்கு ஓர் ஆள் வேண்டும், கதிரைக்கு ஆள் தேவையில்லை. காசைச் சங்கத்துப் பையன் ஒருவன் வந்து எடுத்துப் போவான். தலைவர் தலையை ஆட்டினார். சங்கத்தில் வேறு இடம் இப்போதைக்கு இல்லை, வந்தால் சொல்லிவிடுகிறேன் என்றார். இருவரும் மரியாதையாக நின்றோம். எனக்குக் கவலை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

கடைசி நாள் மில் பூட்டின் திறப்பைக் கொடுக்க உள்ளே போனேன். இஞ்சினில் ஏதோ ஒரு ஆணி தளர்ந்து, இருவரும் தலையைக் குனிந்து அதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நான் வரப்போவதில்லை என்று சொன்னேன். இருவருக்கும் தெரிந்திருந்தது. மூத்தவர் கையை எண்ணெய்த் துணியில் துடைத்து, திறப்பை வாங்கி மடியில் வைத்தார். இளையவர் என் முகத்தைப் பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு அத்தானைப் பார்த்தார். அத்தானும் அவரைப் பார்த்தார். அந்த இடத்தில் சொற்களைக் காவிப்போக ஓர் ஆள் தேவையாக இருந்தது. ஆனால் நான்தான் வேலையை விட்டுவிட்டேனே.

வீட்டில் மனைவி ஒடியல் கூழுக்கு மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். "முடிவெடுத்தாச்சோ? ஆரை நிப்பாட்டினியள்?" என்று கேட்டாள்.

"என்னை."

"உங்கடை பகிடிக்கு நேரகாலம் இல்லை" என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவப் போனாள். நான் திரும்பச் சொல்லவில்லை. பதினைந்து வருடமாகப் பகிடி விட்டவன் ஒரு நாள் உண்மை சொன்னால் நம்பச் சொல்லிக் கேட்க உரிமையில்லை. கூழ் நன்றாக இருந்தது. இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தேன். பிள்ளைகளுக்கு இளையவரின் சாரம் கிழிந்த கதையைச் சொன்னேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் மில் ஓடும் நாள். நான் முற்றத்தில், சைக்கிளைச் சுவரில் சாத்தியபடியே விட்டுவிட்டு, செருப்பில்லாமல் நின்றேன். மனைவி தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தாள். வயல்வெளிக்கு அப்பால் இஞ்சின் முதலில் இருமி, பிறகு சீராக அடிக்கத் தொடங்கியது. அவள் நின்றாள். வாளியை நிலத்தில் வைத்தாள்.

"மில் ஓடுது" என்றாள்.

"ஓம்" என்றேன்.

அவள் சைக்கிளைப் பார்த்தாள். பிறகு என் கால்களைப் பார்த்தாள்.