லுங்கிக் கட்டத்தில் கற்ற ரூலெட்

சில வருடங்களுக்கு முன், மழைக்காலத்தில் ஒரு காலை. யாங்கூன் நகரின் கியாக்டடா பகுதியில், சூலே பகோடாவுக்கு அருகில் ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்க்கட்டடத்து மாடியில் எனக்கு நேர்முகத் தேர்வு. வெளிநாட்டு உல்லாசக் கப்பலின் காசினோவில் ரூலெட் மேசையை, அதாவது சுழலும் சக்கரத்தில் உருண்டை எந்த எண்ணில் விழும் என்று பணம் கட்டும் ஆட்டத்தை, நடத்தும் வேலை. அதுவரை நான் வேலை பார்த்த ஹோட்டலை மூடிவிட்டார்கள். இதுவும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று தெரியாத நிலை.

சக்கரத்தில் எண்கள் நிற்கும் வரிசையை மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் கைபேசியில், பணம் கட்டும் மேசை விரிப்பின் படத்தைப் பார்த்தால், அந்த வரிசை அதில் எங்குமே இல்லை! வியர்த்துவிட்டது.

அப்போது பக்கத்து மேசையில் ஓர் இளைஞர் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். "ஒம்போது செவப்பு, பத்து கறுப்பு, பதினொண்ணும் கறுப்பு..."

பர்மியப் பேச்சுக்கு நடுவே தமிழ்! அவரும் அதே வேலைக்குத்தான் வந்திருந்தார். காலியாக இருப்பதோ ஒரே இடம். ஆனாலும் என் குழப்பத்தைச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, சக்கரத்துலதான் நம்பர் கலைஞ்சு கெடக்கும். மேசையில ஒண்ணுல இருந்து முப்பத்தாறு வரைக்கும் ஒழுங்கா மூணு மூணாப் போவும். இருங்க, காட்டுறேன்."

ஆற்றின் அக்கரையில் உள்ள டாலாவிலிருந்து படகில் லுங்கியோடு வந்து, கடையின் பின்பக்கம் பேன்ட் மாற்றியிருந்தார். பையிலிருந்த அந்தக் கட்டம் போட்ட லுங்கியை எடுத்து மேசையில் விரித்தார். குறுக்கே மூன்று கட்டம், நீளவாக்கில் பன்னிரண்டு, தலைமாட்டில் பூஜ்யம். நான் வாங்கியிருந்த லபெட் என்ற தேயிலை ஊறுகாய்த் தட்டிலிருந்த வறுத்த பயறுகள்தான் பந்தய வில்லைகள். கட்டத்துக்கு நடுவே வைத்தால் ஓர் எண். கோட்டின் மேல் வைத்தால் இருபக்கமும் இரண்டு. நான்கு கட்டம் கூடும் முனையில் நான்கு. வரிசையின் வெளி ஓரத்தில் வைத்தால் அந்த வரிசையின் மூன்றும்.

எனக்குப் புரியப் புரிய, சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. பரிமாறுகிறவர்கூட ஒரு பயறை வைத்துவிட்டு, "நான் ஜெயிச்சேனா?" என்றார். கடைக்காரர் பதறி ஓடிவந்தார்.

"ஏய், இங்க சூதாட்டமா? போலீஸ் வந்தா என் கடைக்குப் பூட்டு!"

"ஊலே, இது பரீட்சைக்குப் படிக்கிறது!" என்று இளைஞர் மாமா முறை சொல்லிப் பர்மியில் கெஞ்சினார். கடையே சிரித்தது. கடைக்காரரும் சிரித்துவிட்டு, "அப்ப தின்னாம படிங்க" என்று இன்னொரு தட்டுப் பயறு கொண்டுவந்து வைத்தார்.

தேர்வில், இரண்டு வரிசைகள் சேரும் வெளி ஓரத்தில் வில்லையை வைத்து, எந்தெந்த எண்கள் என்று கேட்டார்கள். இதை நாங்கள் பார்க்கவே இல்லை. ஒரு வரிசைக்கு மூன்று என்றால் இரண்டுக்கு ஆறு என்று யோசித்து, பதினாறு முதல் இருபத்தொன்று வரை சொன்னேன். தேர்வாளர் தலையசைத்தார்.

வேலை எனக்குக் கிடைத்தது. அந்த இளைஞரோ பாடம் தெரிந்தும், ஆங்கிலத்தில் கேட்டதும் திக்கித் திணறிவிட்டார். நான் தலைகுனிந்து நின்றேன்.

"அட, நான் சொல்லிக் குடுத்தது சரின்னு தெரிஞ்சு போச்சில்ல?" என்று சிரித்தார்.

"இங்கிலீசு நான் சொல்லித் தரேன் தம்பி" என்றேன்.

கப்பலிலிருந்து முடிந்தபோதெல்லாம் தொலைபேசியில் பேசிப் பழக்கினேன். அடுத்த ஆளெடுப்பில் தேறி, என் கப்பலுக்கே வந்து சேர்ந்தார். துறைமுகத்தில் அவர் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னபோது, எனக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

தெரிந்ததைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிட்டால் நம் வாய்ப்பு போய்விடும் என்று எனக்கும் ஒரு பயம் இருந்தது. அந்தத் தேநீர்க்கடையை விட்டு எழுந்தபோது அது என்னோடு எழுந்து வரவில்லை.