சின்னையாவின் விறாந்தையும் எங்கள் கடைச் சங்கமும்

1. தூணில் விழுந்த குறி

எங்கள் சங்கம் எங்கே பிறந்தது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு தூணைக் காட்டுவேன். நெடுங்கேணி தாண்டி முல்லைத்தீவுப் பக்கம் போகும் வீதியில், பஸ்கள் தேத்தண்ணிக்கு நிற்கும் சந்தி ஒன்று இருக்கிறது. அங்கே சின்னையாவின் கடைக்கு முன் விறாந்தையில் முதல் தூண். ஒரு நாள் காலை அதில் சிவப்புப் பெயின்றால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது.

நான் பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். சனம் இன்றைக்கும் என்னை "ரீ.ஓ. அம்மா" என்றுதான் கூப்பிடுகிறது. அந்தக் குறிக்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வீதியை அகலிக்கிறார்கள், புதிய வடிகால் அந்தத் தூணுக்குள்ளால் போகப் போகிறது, அவ்வளவுதான்.

சின்னையா கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தார்.

"ரீ.ஓ. அம்மா, தூண மட்டுந்தான் எடுப்பாங்களா, இல்ல விறாந்தையவே எடுத்துருவாங்களா?"

"நாலு தூணும் போகும் சின்னையா. தூண் போனா மேல கூரை நிக்குமே?"

"அப்ப கடைன்னு என்னம்மா மிச்சம்? பின்னால ஒரு அலுமாரிதான் மிச்சம்."

அவர் சொன்னது சரி. அந்தக் கடையே அந்த விறாந்தைதான். சின்னையாவின் தகப்பன் கலவரம் ஒன்றுக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர். காடு வெட்டி, கச்சான் கடலை போட்டு, பிறகு இந்தச் சந்தியில் கடை கட்டினார். நாலு உருண்டைத் தூண். தூண்களுக்கு இடையில், ஆட்கள் உட்கார, சுவரோடு சேர்ந்த சீமெந்து வாங்குகள். மேலே வளைந்த முகப்புச் சுவரில், சீமெந்திலேயே எழுந்து நிற்கும் எழுத்தில் "சிவகாமி தேநீர்ச்சாலை". சிவகாமி அவருடைய மனைவி, சின்னையாவின் தாய். அடுப்படியில் நின்று கடையை நடத்தியது அவாதான்.

கடைக்கு வாசற்கதவு கிடையாது, பலகைக் கதவுதான். மேலும் கீழும் மரத்தில் தவாளிப்பு. பாலை மரப் பலகைகளை ஒவ்வொன்றாக அதற்குள் தள்ளி அடுக்க வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் இலக்கம் உண்டு. இலக்கம் மாறினால் அடுத்தது உள்ளே போகாது. கடைசிப் பலகையில்தான் பூட்டு. யுத்த காலத்தில் கூரை போய்விட்டது. சின்னையா அந்தப் பலகைகளை மட்டும் உழவு இயந்திரத்தில் ஏற்றி இடத்துக்கு இடம் கொண்டு திரிந்து, திரும்பி வந்தபோதும் கொண்டுவந்து அதே தவாளிப்பில் போட்டார். கடைசிப் பலகை மட்டும் மரமில்லை. ஒரு மரச்சட்டத்தில் தகரம் அடித்த பலகை. அது என் கண்ணை எப்போதும் உறுத்திக்கொண்டிருக்கும்.

2. ரப்பர் முத்திரைக்குள் அடங்காத பெயர்

அந்தக் கிழமையே விறாந்தையில் கூட்டம் போட்டோம். கூட்டம் என்றால் தேத்தண்ணி குடிக்க வந்தவர்கள் எழும்பிப் போகாமல் இருந்ததுதான். அவர்களில் அந்தோனிப்பிள்ளை அண்ணையும் இருந்தார். முல்லைத்தீவுக் கரையோரத்து ஆள். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் தண்ணீரைக் கண்டால் தலை சுற்றுகிறது என்று பஸ் சாரதியானவர். நான் விசயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தார்.

"கடைக்குச் சங்கமோ தங்கச்சி? கோயிலுக்குச் சங்கம் இருக்கு, விளையாட்டுக்கு இருக்கு, மாட்டுக்கும் இருக்கு. இனிக் கடைக் கட்டிடத்துக்குமோ?"

"நீங்கள் பஸ் ஓடின காலத்தில இந்த றோட்டை எப்பிடி ஞாபகம் வைச்சிருந்தனீங்கள் அண்ணை?"

அவர் யோசித்தார். சிரிப்பு மெல்ல நின்றது.

"கடையளைப் பாத்துத்தான். மைல்கல்லை ஆர் பாக்கிறது? மூண்டு கண்ணாடிச் சலூன் வந்தா வேகத்தைக் குறைப்பன். நெற்கதிர் போட்ட மில் வந்தா கியர் மாத்துவன். இந்த வளைஞ்ச முகப்பு வந்தா, தேத்தண்ணி."

"இப்ப ஓடச் சொன்னா?"

"இப்ப எல்லாம் ஒரே மாதிரிக் கண்ணாடியும் தகடும். எங்க நிக்கிறன் எண்டே தெரியாது." பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். "சரி, நான் தலைவர். நீர் செயலாளர். எழுதும்."

இப்படித்தான் "வன்னி வீதியோரக் கடைக் கட்டிடப் பாதுகாப்புச் சங்கம்" உருவாயிற்று. பெயர் ரப்பர் முத்திரைக்குள் அடங்கவில்லை. முத்திரை செய்தவர் "வன்னி" யை விட்டுவிடலாமா என்று கேட்டார். வேறு எதை விட்டாலும் அதை விட முடியாது என்று சொல்லிப் பெரிய முத்திரையாகவே செய்வித்தோம்.

3. அளவு ரேப் கொண்டு திரிந்த காலம்

எங்கள் வேலை எளிமையானது. பழைய கடையைக் கண்டால் உரிமையாளரிடம் கேட்டு அளப்போம், படம் வரைவோம், போட்டோ எடுப்போம். அதை இடிக்காமல் எப்படித் திருத்தலாம், எவ்வளவு செலவாகும் என்று எஸ்ரிமேற்றும் போட்டுக் கொடுப்போம். தொடக்கத்தில் அளவு ரேப்பைக் கண்டாலே சனம் பயந்தது. தண்ணீரூற்றில் ஒரு சலூன்காரர் பாதிச் சவரத்தில் ஆளை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அம்மா, வரி கூட்டப் போறியளோ?"

"இல்லைத் தம்பி, உங்கட கடை வடிவாயிருக்கு. அதைத்தான் அளக்கிறம்."

"வடிவெண்டா கட்டாயம் வரி கூட்டுவியள்" என்று அவர் நம்பவே மறுத்தார். அந்தோனிப்பிள்ளை அண்ணை அங்கேயே உட்கார்ந்து முடி வெட்டுவித்து, பழைய கதையெல்லாம் கதைத்து, அந்த மூன்று கண்ணாடி மாடத்தையும் அலுமினியத் தகட்டால் மூடுவதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் எழும்பினார். அதே வீதியில் நெல் ஆலை ஒன்றின் முகப்பில் சீமெந்தால் செய்த நெற்கதிர் இருந்தது. அதையும் அப்படித்தான் காப்பாற்றினோம். எங்களுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது: கடை கடையாகவே நடக்க வேண்டும். வேலி போட்டுப் பூட்டிப் பார்வைக்கு வைக்கிற சங்கம் இல்லை இது. இந்த விடயத்தில் எனக்குப் பெருமை அதிகம், அதை மறைக்கவும் மாட்டேன்.

ஆனால் சின்னையாவின் தூணில் சிவப்புக் குறி அப்படியே இருந்தது. கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டேன். கடைசியில் வீதித் திட்டத்தின் பொறியியலாளர் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். கட்டிடத்தில் உண்மையாகவே ஏதாவது இருந்தால் வடிகாலின் கோட்டை மாற்றலாமா என்று பார்ப்பாராம். எங்களுக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது.

4. பெரிய ஆள் வருகிறார்

பொறியியலாளர் வருகிற நாள் காலை நான் நேரத்தோடு போய் இறங்கினேன். இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டேன்.

நாலு தூணும் பளீரென்று வெள்ளை. சீமெந்து வாங்குகளும் வெள்ளை. பலகைக் கதவு முழுவதும் நீலப் பெயின்ற், இன்னும் மணம் போகவில்லை. இரண்டு பக்கமும் வாழை மரம், நடுவில் தோரணம், நிறைகுடம். வளைந்த முகப்பில், அந்தச் சீமெந்து எழுத்துகளை முற்றாக மூடிக்கொண்டு, பிளாஸ்ரிக் பனர் ஒன்று: "பொறியியலாளர் ஐயா அவர்களே வருக வருக". போதாக்குறைக்குக் கடை பூட்டு.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

"என்ன வேலை சின்னையா இது? பழைய கட்டிடத்தைப் பாக்கத்தானே அவர் வாறார்!"

சின்னையா புதுச் சேட்டுப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பெரிய ஆள் வர்றாரும்மா. ஊத்தையா வச்சிருந்தா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாரு? ஊர்ச் சனமெல்லாம் சேந்துதான் அடிச்சோம்."

"கடையை ஏன் பூட்டினனீங்கள்?"

"அவரு வர்ற நேரத்துல ஏவாரம் பண்றது மரியாதையா?"

வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் வெள்ளையடிக்கிற சனம் நாங்கள். சங்கத்தின் செயலாளர் என்று ஒருத்தி கடிதம் எழுதிக்கொண்டு இருந்தாளே தவிர, அந்த மரியாதையை எண்ணிப் பார்க்கவில்லை. அந்தோனிப்பிள்ளை அண்ணை பனரின் கயிற்றை அவிழ்க்க ஏணி தேடிக்கொண்டிருந்தபோதே ஜீப் வந்து நின்றது.

பொறியியலாளர் இளம் ஆள், மரியாதையானவர். சுற்றி வந்து பார்த்தார். நான் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அவர் படத்தையும் கட்டிடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் எழுதின ஒண்டையும் இங்க காணேல்லை. இது புதுசா வெள்ளையடிச்ச கடை."

நான் வரைபடத்தைச் சுருட்டினேன்.

அந்த நேரத்தில்தான் வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு போகும் பஸ் வந்தது. அந்த பஸ்ஸுக்கு வரவேற்பும் தெரியாது, பொறியியலாளரும் தெரியாது. வழக்கம்போல நின்றது. சனம் வழக்கம்போல இறங்கி, கொதிக்கிற வெய்யிலுக்கு ஒதுங்கி நேரே விறாந்தைக்குள் போயிற்று. பிள்ளைகளோடு தாய்மார் வாங்கில் இருந்தார்கள், இருந்த வேகத்தில் சீலையெல்லாம் வெள்ளை. மீன் பெட்டிக்காரி ஒருத்தி வாழை மரத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் பெட்டியை அந்த இடத்தில் இறக்கினாள். ஒருவர் நிறைகுடத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்த இடத்தில் குழந்தையை நிறுத்தினார். முகத்தில் தட்டுகிறது என்று ஒரு பெடியன் பனரின் தொங்கிய கயிற்றை இழுக்க, பனர் ஒரு பக்கம் தொங்கிற்று. "சிவகாமி" வெளியே வந்தது.

பஸ் சாரதி ஹோர்ன் அடித்தார். "அண்ணை, ஏன் கடை பூட்டு? செத்தவீடோ?"

"தொறக்கிறேன், தொறக்கிறேன்!" சின்னையா மரியாதையை மறந்து ஓடினார். பூட்டைத் திறந்து கடைசித் தகரப் பலகையை எடுத்தார். மற்றவை அசையவில்லை. நீலப் பெயின்ற் காயாமல் பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருந்தது. சாரதி வந்து தள்ளினார், பயணிகள் தள்ளினார்கள். கடைசியில் பொறியியலாளரும் சேட்டுக் கையை மடித்துவிட்டுத் தள்ளினார். பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. உட்பக்கத்தில் பெயின்ற் இல்லை. பழைய பாலை மரமும், புகையும், செதுக்கிய இலக்கங்களும் அப்படியே இருந்தன. பொறியியலாளர் ஒரு பலகையைத் திருப்பிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். கை முழுக்க நீலம்.

தேத்தண்ணி வந்தது. அவர் தூணில் சாய்ந்து குடித்துக்கொண்டே சனத்தைப் பார்த்தார்.

"ஒவ்வொரு பஸ்ஸுக்கும் இப்பிடித்தானோ?"

"ஓம்" என்றார் அந்தோனிப்பிள்ளை அண்ணை. "மழைக்கெண்டா இன்னும் கூட. வேற நிழல் இந்தப் பக்கம் எங்கயும் இல்லை."

"அப்ப இந்த விறாந்தையை உடைச்சா, இதே இடத்தில நான் ஒரு பஸ் தரிப்பிடம் கட்ட வேணும்" என்று அவர் தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். "அதுவும் இவ்வளவு நல்லா வராது."

5. கடைசிப் பலகை

அந்தோனிப்பிள்ளை அண்ணைக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. சங்கம் சின்னையாவுக்குக் கொடுக்க ஒளித்து வைத்திருந்த பரிசை அங்கேயே எடுத்து வந்தார். இடித்த கடை ஒன்றிலிருந்து தேடிப் பிடித்து, அளவுக்கு இழைத்த பழைய பாலைப் பலகை. அந்தத் தகரத்துக்குப் பதிலாக.

"இந்தா சின்னையா, இனி உன்ரை கதவு முழுசு!"

சின்னையா பலகையைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல மரம் அண்ணே. ஆனா வேணாம்."

"ஏன்ரா?"

"கடைசி இடப்பெயர்வுல, கடற்கரப் பக்கம், ஆத்தா காய்ச்சல்ல போயிருச்சு. தூக்கிட்டுப் போக ஒண்ணுமில்ல. கடைசிப் பலகையிலதான் கெடத்தித் தூக்கினோம். பலகையோடவே மண்ணுக்குள்ள வச்சோம். பூட்டும் அதுலயே இருந்துச்சு." அவர் தகரப் பலகையைக் காட்டினார். "திரும்பி வந்து, கூரைக்குன்னு குடுத்த தகரத்துல இதச் செஞ்சேன். அந்த எடத்துக்கு வேற மரம் போகக் கூடாதும்மா. அது அவங்க எடம்."

மேலே முகப்பில் அவாவின் பெயர் பாதி வெளியே தெரிந்தது. எத்தனை தரம் அந்தக் கதவை அளந்தேன்! என் கண்ணை உறுத்திய அந்தத் தகரத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். மீன் பெட்டிக்காரியும் அழுதாள்.

பொறியியலாளர் கோப்பையை வைத்துவிட்டு ஜீப்பிலிருந்து துணி ஒன்று கொண்டுவந்து, வெள்ளைக்கு உள்ளாலும் மங்கலாகத் தெரிந்த சிவப்புக் குறியைத் தேய்க்கத் தொடங்கினார். அது முழுவதும் போகவில்லை. இன்றைக்கும் அந்தத் தூணில் இளஞ்சிவப்பாக ஒரு நிழல் இருக்கிறது.

6. போர்டு

புதிய வீதி இப்போது கோடு கிழித்தாற்போல் நேராக ஓடுகிறது. எங்கள் சந்தியில் மட்டும் வடிகால் ஒரு வளைவு எடுத்து விறாந்தையைச் சுற்றிக்கொண்டு போகும். பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் அந்த வளைவைக் காட்டி, "இது எங்கட சங்கத்தின்ர வேலை" என்று சொல்லாமல் நான் விடுவதில்லை.

வெள்ளையையும் நீலத்தையும் சுரண்டி எடுத்த பிறகு, சங்கத்தின் முதலாவது போர்டைச் சின்னையாவின் கடைக்குக் கொடுத்தோம். "இக்கட்டிடம் பாதுகாக்கப்படுகிறது" என்று எழுதிய சிறிய உலோகப் போர்டு. அதை முதல் தூணில் அடிப்பதாகத்தான் எங்கள் யோசனை. சின்னையா தகரப் பலகையில் அடிக்கச் சொன்னார்.

அந்தோனிப்பிள்ளை அண்ணை பாய்ந்தார். "கடை திறந்தவுடனை பலகை உள்ளுக்குப் போயிடுமேடா! பூட்டின கடைக்கு முன்னாலை நிண்டு ஆர் வாசிக்கிறது? நாய்தான் வாசிக்கும்."

"தொறந்திருந்தா கடையப் பாக்கட்டும் அண்ணே" என்றார் சின்னையா. "மூடியிருந்தா போர்டப் பாக்கட்டும்."

தகரத்தில்தான் அடித்தோம். இப்போது சங்கத்தில் சேரும் பிள்ளைகள், எங்கள் முதல் போர்டு எங்கே என்று என்னிடம் கேட்கிறார்கள். அளவு ரேப்பைக் கையில் எடுக்க முதல் அங்கே போய்த் தேத்தண்ணி குடித்து, சின்னையாவோடு கதைத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்புவேன். போன பிள்ளைகள் திரும்பி வந்து, எல்லாம் பார்த்தோம், போர்டை மட்டும் காணவில்லை என்பார்கள். நானும் அடித்த நாளுக்குப் பிறகு அதைச் சரியாகப் பார்த்ததில்லை. எப்போது போனாலும் கடை திறந்தே இருக்கிறது.