மஞ்சள் நோட்டீஸ் முதலாளி

லுணுகலைக் கடைத்தெருவில் ஒரு ரொட்டிக் கடைச் சுவரில் அந்த மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. தூரத்திலிருந்தே அது எங்கள் முதலாளியின் தாள் என்று தெரிந்துகொண்டேன். பதுளையில் வேறு யாரும் மஞ்சளில் அச்சடிப்பதில்லை. மகள் வீட்டுக்கு வெங்காயம் வாங்க வந்தவன், பையைக் கீழே வைத்துவிட்டு எழுத்துக் கூட்டத் தொடங்கினேன். சுவரில் எழுத்தைக் கண்டால் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சீனி முகம்மது. சத்தமாகவே சொன்னேன். அடுத்த சொல் கடினமாக இருந்தது. மூன்று தடவை முட்டி, நான்காவது தடவை பிடித்துவிட்டேன். பிடித்த சந்தோஷத்தில் அதையும் சத்தமாகச் சொன்னேன்.

"வபாத்தானார்."

ரொட்டிக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். முதலாளி இறந்துவிட்டார் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது; என் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்திருக்கும். அதை எடுக்கத் தெரியவில்லை. படிப்பதை நிறுத்தவும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அவருக்காகக் கத்தம் ஓதுவது, கடை மூன்று நாள் அடைப்பு, கடைசியில் அச்சுக்கூடத்தின் பெயர் எல்லாம் படித்தேன். ஓர் எழுத்தும் விடவில்லை. பிறகு வெங்காயம் வாங்கிக்கொண்டு போனேன். சாப்பிட்டு முடியும் வரை மகளிடம் சொல்லவில்லை. அழுகை அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

பதுளையில் யானைத் தைலம் விற்ற சீனி முகம்மது முதலாளியை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரிடம் ஏமாந்தவர்களும் உங்களில் இருப்பீர்கள். நான் பண்டாரவளை ஸ்டேஷனிலிருந்து அவருடைய போத்தல்களை மாட்டு வண்டியில் ஏற்றிவந்த சின்னையா.

மொட்டைத் தலைக்காரரை நினைவிருக்கிறதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பசறைச் சந்தையில் என் வண்டியில் ஒரு மொட்டை மனிதரை உட்காரவைத்து, தப்படித்து, தலையில் தைலம் தேய்த்துக் காட்டினார் முதலாளி. இரண்டு மாதம் கழித்து அதே வண்டி, அதே மனிதர், தோள் வரைக்கும் முடி. சனம் வாயைப் பிளந்தது. அவர்கள் ஒரே முகமுள்ள அண்ணன் தம்பி என்பது எனக்கும் என் மாடுகளுக்கும்தான் தெரியும். அடுத்த சந்தையில், கூலி பேசுவதில் ஏதோ குழப்பம், இரண்டு பேரும் ஒன்றாக வந்து நின்றுவிட்டார்கள். கூட்டம் சிரித்தது. "என்னா மொதலாளி, மாட்டிக்கிட்டீங்களே!" என்று ஒரு கங்காணி கத்தினார். முதலாளி வண்டி மேல் ஏறி நின்றார்.

"முடி வளரும்னுதானே சொன்னேன்? பாருங்கய்யா, ஆளே வளந்துட்டாரு!"

அன்றைக்குத்தான் போத்தல் அதிகம் விற்றது.

இப்படிப்பட்டவருக்கு நகரசபையில் ஒரு நாற்காலி வேண்டும் என்ற ஆசை வந்தது. வந்தபின் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "என்னைச் சபைக்கு அனுப்புங்கள், பகலில் மழை பெய்ய விடமாட்டேன்" என்று நோட்டீஸ் போட்டார். பள்ளிவாசல் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் கேட்டேன், "என்னாங்க மொதலாளி, இப்புடிப் பொய் சொல்லுறீங்க?"

"பொய் இல்லய்யா சின்னையா. இன்னும் நடக்காதது. ரெண்டும் வேற."

அதை அவர் பலரிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். அப்போது நான் சிரித்தேன்.

வாக்காளர் பட்டியலில் பெயர் ஏற வீடும் வேண்டும், எழுத்தும் தெரிய வேண்டும் என்றார்கள். வீடு இருந்து எழுத்தில்லாத பன்னிரண்டு பேரை முதலாளி தேடிப் பிடித்தார். தையற்காரர், கசாப்புக் கடைக்காரர், நான், இன்னும் சிலர். மாலை நேரத்தில் கடைப் பின்கட்டில் பாடம். புத்தகம் வாங்கவில்லை. மஞ்சள் நோட்டீசுதான் புத்தகம். "தலைவலி, பல்வலி, மூட்டுவலி, மூன்றுக்கும் ஒரே போத்தல்" என்று பன்னிரண்டு கிழவர்கள் கூவினோம். ஒரு மாதத்தில் தாளைப் பார்க்காமலே சொன்னோம். அதுதான் படிப்பு என்று நினைத்துக்கொண்டோம். முதலாளியும் அப்படித்தான் நினைத்தார்.

பெயர் பதியும் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் ஐயா படிக்கச் சொல்லி ஒரு தாளை நீட்டினார். முதலில் போன தையற்காரர் தொண்டையைச் செருமி, கணீரென்று, "தலைவலி, பல்வலி" என்று தொடங்கினார்.

"நிப்பாட்டும். இது மாட்டு நோய் அறிவித்தல். இதில பல்வலி எங்க இருக்கு?"

"மாட்டுக்கும் பல்லு இருக்குதுங்களே ஐயா."

ஒவ்வொருவராக அதே பாடத்தைச் சொல்லி வெளியே வந்தார்கள். என் முறை வந்தது. வாயில் தலைவலி தயாராக இருந்தது. தாளைப் பார்த்தேன். நோட்டீசில் மாதக்கணக்காகப் பார்த்த எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. வாயை மூடிக்கொண்டு கூட்டினேன். மா. டு.

"மாடுங்க" என்றேன். மாடு அங்கே வந்து நின்ற மாதிரி இருந்தது. அதன்பின் இரண்டு வரியை வியர்க்க வியர்க்க இழுத்தேன். கிளாக்கர் ஐயா எழுதிக்கொண்டார்.

வெளியே முதலாளி மேளத்தோடும் பன்னிரண்டு மாலையோடும் காத்திருந்தார். நான் ஒருத்தன்தான் தேறினேன் என்று கேட்டதும் அவர் முகம் கறுத்தது. ஒரு நிமிஷம்தான். பன்னிரண்டு மாலையையும் என் கழுத்திலேயே போட்டார். எனக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. கடைத்தெரு முழுக்க நடத்திக்கொண்டு போனார். மூன்றாம் நாள் என் பெயரோடு புதிய மஞ்சள் நோட்டீஸ் வந்தது. பசறை வரைக்கும் தப்படித்துச் சொன்னார்கள்.

தேர்தலில் அவர் தோற்றார். அவருக்கு விழுந்த கொஞ்ச வாக்குச் சீட்டில் ஒன்று என்னுடையது. மறுநாளே பின்கட்டுப் பாடம் நின்றது. விளக்கையும் பாயையும் எடுத்துவிட்டார். இதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை.

அந்த வாரம் பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழுந்தெடுக்கும் காளியம்மா என்ற பெண் என் வீட்டைத் தேடி நடந்தே வந்தாள். முந்தானையில் ஊரிலிருந்து வந்த கடிதம். "தப்படிச்சுச் சொன்னாங்க, நீங்க எல்லாம் படிப்பீங்கன்னு. கணக்கப்பிள்ளைகிட்ட குடுத்தா மறுநா காலையில பெரட்டுக்கு ஆள் கூடுறப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருங்க." கையால் எழுதிய கடிதத்தின் எழுத்து நோட்டீஸ் எழுத்து மாதிரியே இல்லை. ஒன்றும் பிடிபடவில்லை என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கடிதத்தை மடித்து முடிந்துகொண்டு, வந்த வழியே நடந்தாள்.

நான் நேரே கடைக்குப் போனேன். "உங்க பொய்யாலதான் அந்தப் பொண்ணு அவ்வளவு தூரம் நடந்துச்சு" என்று கத்தினேன். முதலாளி போத்தலுக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பொய் இல்ல. இன்னும் நடக்காதது."

"எப்ப நடக்கும்?"

"என்னயக் கேட்டா? போய்ச் செவத்தப் படி. பதுளையில எனக்கு இல்லாத செவரா? எல்லாம் என் காசுல எழுதி வச்சது."

கோபத்தில்தான் படித்தேன். அவர் சுவர்களை முடித்துவிட்டு மற்றவர்களின் சுவர்களைப் படித்தேன். பிறகு நண்பர்களின் பழைய கடிதங்களை வாங்கிவந்து கையெழுத்துப் பழகினேன். கோபம் எப்போது சந்தோஷமாக மாறியது என்று தெரியாது. பல மாதம் கழித்து, லுணுகலையில் மகள் வீட்டுக்குப் போகும் வழியில் பசறையில் இறங்கி, காளியம்மாவின் லயத்து வீட்டைத் தேடிப் போனேன். கடிதம் பத்திரமாக இருந்தது. படிக்க ஒரு மணி நேரம் ஆனது. அம்மா இருக்கிறாள், கண் மங்கிவிட்டது, உன் பெயரைச் சொல்லிக் கேட்கிறாள், நீ உயிரோடு இருந்தால் ஒரு வரி போடு என்று அவளுடைய அண்ணன் எழுதியிருந்தார்.

"அம்மான்னு எழுதியிருக்கிற எடத்தக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டாள். பிறகு அவள் சொல்லச் சொல்லப் பதில் எழுதினேன். நான் எழுதிய முதல் கடிதம் அதுதான்.

பதுளைக்குத் திரும்பியதும் முதலாளியிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். கல்லாவுக்கு முன்னால் எப்படி நிற்பது, எந்தச் சொல்லில் தொடங்குவது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள்தான் லுணுகலையில் வெங்காயம் வாங்கப் போனேன்.

இதை எழுத எனக்குப் பதினொரு நாள் ஆனது. பக்கத்தில் என் பெயர் போட்ட அந்தப் பழைய நோட்டீசை விரித்து வைத்திருக்கிறேன். அவர் தந்ததில் என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தாள்தான். "பதுளை சின்னையா, வயது அறுபத்திரண்டு. யானைத் தைலம் தேய்த்தார். இன்று எல்லாம் படிக்கிறார், எல்லாம் எழுதுகிறார்" என்று இருக்கிறது. அது அச்சானபோது எனக்கு மாடு ஒன்றுதான் தெரியும்.

தைலத்தை நான் ஒரு நாளும் தேய்த்ததில்லை. மற்றது நடந்துவிட்டது, முதலாளி.