மூடியில் ஒரு கீறல்

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக அவர் தரம் பார்ப்பவர். விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, கோணல் காலர் எதுவும் அவரிடம் தப்பாது. குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, சட்டையை ஓரமாகத் தள்ளிவிடுவார். அங்கே அவருக்குப் பேர் ‘லென்ஸ்’. குறை காண்பது ஒரு திறமைதான். கண்ட பிறகு சும்மா இருப்பது அதைவிடப் பெரிய திறமை. அது அவருக்கு வாய்க்கவில்லை.

அவர் மனைவிக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை தொடக்கம். சனிக்கிழமை காலை புது லேப்டாப் வாங்கி வந்தார்கள். அவள் சார்ஜரைப் பிரிப்பதற்குள் லென்ஸ் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்திருந்தார்.

“கீறல்.”

“எங்க?”

“மூடியில. நல்லா பாரு.”

“தூசியா இருக்கும்ங்க.”

“தூசின்னா ஊதினா போகணுமே.” ஊதினார். போகவில்லை. “மாத்தித்தான் ஆகணும்.”

“மாத்த பத்து நாள் ஆகும். திங்கக்கிழமை எதை வெச்சு வேலை பாக்கறது, தலகாணியையா?”

பதில் சொல்வதற்குள் அவர் கை பழக்கத்தைக் காட்டிவிட்டது. பர்ஸிலிருந்து ஒரு சிவப்பு அம்பு வந்து கீறலின் மேல் உட்கார்ந்தது.

“ஸ்டிக்கர் ஒட்டினதைக் கடையில திரும்ப எடுப்பாங்களா?”

உரித்தார். பசை நின்றது. துணிக்கறை எடுக்கும் திரவம் ஒரு சின்ன பாட்டிலில் வீட்டில் இருந்தது. பஞ்சில் தொட்டுத் தேய்த்தார். பசை போயிற்று. கூடவே கட்டைவிரல் அகலத்துக்குச் சாம்பல் பூச்சும் போயிற்று. பூச்சோடு கீறலும் போயிற்று.

“ஈ உட்கார்ந்ததுக்கு மூக்கையே அறுத்துட்டீங்க,” என்றாள்.

அப்படியும் விடாமல் கடைக்குக் கிளம்பினார். அவளும் கூடவே போனாள், லேப்டாப்பைத் திரும்பக் கொண்டுவர.

“கீறல் எங்க சார்?” என்று கேட்டாள் கடைப்பெண்.

“இருந்துச்சு.”

“இந்த வெள்ளைத் திட்டு? நாங்க குடுத்தப்பவே இருந்துச்சா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். தன் தப்பை அடுத்தவர் தலையில் கட்டும் தையல்காரர்களை லென்ஸ் எத்தனையோ முறை வறுத்தெடுத்திருக்கிறார்.

“இல்லம்மா. நான் பண்ணது.”

“அப்ப மாத்த முடியாது சார்.”

“ரொம்ப தேங்க்ஸ்மா,” என்றாள் மனைவி. முடியாது என்று சொல்லி நன்றி வாங்கிப் பழக்கமில்லாத கடைப்பெண் விழித்தாள். அதற்குள் மனைவி லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேசையில் வேலை ஆரம்பமானது. லென்ஸுக்கு மதிய ஷிப்ட். எதிரே உட்கார்ந்தவர் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறியது.

“என்னங்க?”

“கண்ணை உறுத்துது.”

அவள் தட்டுவதை நிறுத்தாமல், பக்கத்து நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள்.

“இந்தப் பக்கம் வந்து உட்காருங்க. இங்கேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரியாது.”