நீலாவதியின் பெயரில் ஒரு காகிதம்

முதல் அறிகுறி என் கால்களில் தெரிந்தது. ஒரு திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது செருப்புக்குள் கால் நுழையவில்லை. வெள்ளிக்கிழமைகூட அதே செருப்போடுதான் போய் வந்திருந்தேன். எட்டு மாதம் முடிந்து ஒன்பதாவது நடந்துகொண்டிருந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணவரின் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு டிராம் ஏறினேன்.

பினாங்கில் டிராம் இன்னும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் டத்தோ கிராமாட் பக்கம் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் ராமையா டிராமில் கண்டக்டர். நான் ஒரு தமிழ்ப் பெண்கள் பள்ளியில் ஆசிரியை. வயது இருபத்து நான்கு. காலையில் அவர் வேலை பார்க்கும் வண்டியிலேயே ஏறிக்கொள்வேன். மற்றவர்களிடம் கேட்பதுபோல என்னிடமும் "எங்க போகணும்மா?" என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்பார். சிரிப்பை அடக்க முடியாமல் நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். சாலையோரத்து அங்சானா மரங்கள் பூ உதிர்க்கும் நாட்களில் தண்டவாளமெல்லாம் மஞ்சளாகக் கிடக்கும். அந்தக் காலைகளை நினைத்தால் இன்றும் எனக்குச் சந்தோஷம்தான் வருகிறது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், போன மாதம் என்னைத் தேடி வந்த என் பழைய மாணவி ஒருத்தி. அவளுடைய பிள்ளை உயிரில்லாமல் பிறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. "டீச்சர், வீட்ல எல்லாரும் மறந்துரு மறந்துருங்குறாங்க. எதை மறக்கச் சொல்றாங்கன்னே எனக்குப் புரியல" என்றாள். அவளுக்காகவும் அவளைப் போன்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

புதன்கிழமை தலைவலி தொடங்கியது. கரும்பலகையில் எழுதும்போது எழுத்துகளுக்கு நடுவே சின்னச் சின்ன வெளிச்சப் பொட்டுகள் பறந்தன. சாக்பீஸ் தூசி என்று நினைத்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். வியாழக்கிழமை மதியத்துக்குப் பிறகு பிள்ளை அசையவில்லை. டிராம் மணி அடித்தால் உதைக்கிற பிள்ளை அது. அன்று சாயங்காலம் வீடு திரும்பும்வரை எத்தனையோ முறை மணி அடித்தது.

இதைப் படிக்கிற கர்ப்பிணிகள் யாராவது இருந்தால், வீக்கமும் தலைவலியும் கண்ணில் பொட்டும் சேர்ந்து வந்தால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீளமான தாழ்வாரம்; மூங்கில் தட்டி வழியாக வெயில் கோடுகோடாகத் தரையில் விழுந்திருந்தது. டாக்டர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. தமிழ் தெரியாது, மலாய் பேசுவார். பக்கத்தில் நின்று எனக்கு எடுத்துச் சொன்னவர் ஆரோக்கியம் என்ற தமிழ்த் தாதி. தாதிகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். டாக்டர் மரக்குழலை (வயிற்றில் வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவி) என் வயிற்றில் ஐந்தாறு இடங்களில் மாற்றி மாற்றி வைத்துக் காதைச் சாய்த்தார். பிறகு நிமிர்ந்து, "தாக் அடா" என்றார். அந்தச் சொல்லை மிஸ்ஸி எனக்கு மொழிபெயர்க்கவில்லை. பாசாரில் (சந்தையில்) தினமும் கேட்கிற சொல்தான். இல்லை என்று பொருள்.

எனக்கு வந்திருந்தது டாக்சீமியா (கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரகமும் கண்ணும் கெட்டு, வலிப்புவரை கொண்டுபோகும் நோய்) என்றார்கள். பிள்ளை போய்விட்டது, தாயையாவது காப்பாற்ற வேண்டும் என்று மிஸ்ஸி என் கணவரிடம் தாழ்வாரத்தில் சொன்னது என் காதில் விழுந்தது. தாயையாவது என்ற சொல்லில் அடங்கியவள் நான்தான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

வலி வர மருந்து கொடுத்தார்கள். சனிக்கிழமை மதியம், கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது பிறந்தாள். மழைச் சத்தத்தில் அழுகை கேட்காமல் போய்விட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

அந்நாளில் இப்படிப் பிறந்த பிள்ளையைத் தாயிடம் காட்ட மாட்டார்கள். துணியில் சுற்றிக் கொண்டுபோய்விடுவார்கள். ஆரோக்கியம் மிஸ்ஸி மட்டும் கதவருகே போனவர் திரும்பி வந்தார்.

"பாக்குறியாம்மா?"

"குடுங்க மிஸ்ஸி."

கனமாக இருந்தாள். தலை நிறைய முடி. காது மடல் அப்படியே ராமையாவுடையது. அவளை வாங்கி, உயிரோடு பிறந்த பிள்ளைகளை நிறுக்கும் அதே தராசில் வைத்தார் மிஸ்ஸி. ஐந்தே முக்கால் ராத்தல். "எதுக்கு நிறுக்கிறீங்க?" என்று கேட்டேன். "எல்லாப் பிள்ளையையும் நிறுப்போம்லா" என்றார்.

பெண் பிறந்தால் நீலாவதி என்று ஏற்கனவே பேசி வைத்திருந்தோம். புதைப்பதற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டுச் சீட்டில் அந்தப் பெயர் இல்லை. 'ராமையாவின் பெண் சிசு, உயிரின்றிப் பிறந்தது' என்று மட்டும் இருந்தது. மழை விட்டு வெயில் வந்த பிறகு, ராமையாவும் அவரோடு வேலை பார்க்கும் டிராம் ஓட்டுநர் ஒருவரும் அவளை இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் படுக்கையில் கிடந்தேன்.

மூன்றாம் நாள் பால் வந்தது. யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் நான் சொல்கிறேன்: பால் வரும். பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரியாது. மார்பு கல்லாகிக் காய்ச்சல் அடிக்கும். ராமையா பாசாரிலிருந்து முழம் முழமாக மல்லிகைச் சரம் வாங்கி வந்தார். பால் வற்றுவதற்காக அதை மார்பில் வைத்துக் கட்டினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு பூவை நான் உடம்பில் வைத்ததில்லை.

பதினைந்து நாள் உப்பில்லாத கஞ்சி. ரத்த அழுத்தம் மெல்ல இறங்கியது. பார்வை மட்டும் தெளியவில்லை. எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் முள் எது, எண் எது என்று பிரித்தறிய மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை மணி என்ன என்று யாரையாவது கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் பள்ளி நிர்வாகியிடமிருந்து கடிதம் வந்தது. பிள்ளை பெற்ற ஆசிரியைக்கு எங்கள் பள்ளியில் இரண்டு மாதம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பிறப்புச் சூராட்டைக் (பதிவுச் சான்றிதழை நாங்கள் சூராட்டு என்போம்) காட்டினால் விடுப்பு எழுதிக்கொள்ளலாம், இல்லையென்றால் வருகிற திங்கட்கிழமை வேலைக்கு வரவேண்டும் என்று எழுதியிருந்தார்.

ராமையா தோளைப் பிடித்துக்கொள்ள, பதிவு அலுவலகத்துப் படியேறினேன். கிராணி (எழுத்தர்) நம்மவர்தான், நரைத்த மீசை. பெரிய ஏடு ஒன்றைத் திறந்து பேனாவை மையில் தோய்த்துக்கொண்டார்.

"பிள்ளை அழுதுச்சாம்மா?"

"இல்லண்ணே."

"மூச்சு?"

நான் இல்லையென்று தலையாட்டினேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப ஏட்டுல ஏத்த முடியாதும்மா. பொறந்து மூச்சு விட்டாத்தான் பிறப்புச் சூராட்டு. விட்ட மூச்சு நின்னாத்தான் இறப்புச் சூராட்டு. ரெண்டும் இல்லாததுக்கு இங்க சூராட்டு இல்லலா."

"அப்ப நான் பொதைச்சது என்னண்ணே?" என்றார் ராமையா.

கிராணி ஏட்டை மூடினார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நானும் பிள்ளை பெத்தவன்தான். ஒரே ஒரு மூச்சு போதும். பொறந்து ஒரு மூச்சு விட்டுச்சுன்னு மிஸ்ஸி ஒரு வரி எழுதிக் குடுத்தா, நான் ரெண்டு சூராட்டும் போட்டுக் குடுத்துருவேன். பேரும் ஏறும்."

அன்று திரும்பும் வழியெல்லாம் ராமையா வேகமாக நடந்தார். பல நாட்களுக்குப் பிறகு அவர் முகத்தில் களை வந்திருந்தது. "ஒரு மூச்சுதானே மரகதம், ஒரு மூச்சுதானே" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நீலாவதி என்ற எழுத்துகளை அந்தப் பெரிய ஏட்டில் மனத்தால் பலமுறை எழுதிப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஆரோக்கியம் மிஸ்ஸியிடம் கேட்டோம். அவர் கையிலிருந்த தட்டை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ கேட்டா எழுதுறேம்மா. ஆனா துடிப்பு இல்லன்னு சொன்ன பிள்ளை எப்படி மூச்சு விட்டுச்சு, விட்டும் ஏன் பொழைக்கலன்னு டாக்டர் கேப்பாங்க. பக்கத்துல நான் என்ன செஞ்சேன்னும் கேப்பாங்க. அதுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

அவர் வேலை போய்விடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதோடு இன்னொன்றும். அவள் மூச்சு விட்டாள் என்று எழுதிவிட்டால், ஒரு மூச்சுக்காக அவள் தவித்தாள் என்றும், அதே அறையில் நான் சும்மா படுத்திருந்தேன் என்றும் ஆகிவிடும். அந்தக் காகிதத்தை எடுக்கிற ஒவ்வொரு முறையும் நான் அதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"வேணாம் மிஸ்ஸி" என்றேன்.

ராமையா திடுக்கிட்டுத் திரும்பினார். "அவளுக்குப் பேரு வேணாமா உனக்கு?"

"பேரு வேணும். பொய் மூச்சு வேணாங்க. இத்தனை மாசமும் அவ என்கிட்ட உசிரோடதான் இருந்தா. மணி அடிச்சா உதைச்சா. அதெல்லாம் கணக்கில்லன்னு ஆக்கிட்டு, விடாத ஒரு மூச்சை எழுதச் சொல்றீங்களே."

அவர் எழுந்து தாழ்வாரத்தின் கடைசிவரை நடந்துபோய் நின்றுகொண்டார். மிஸ்ஸி ஒரு தாள் எடுத்து எழுதினார். 'நீலாவதி. பெண். மரகதத்துக்கும் ராமையாவுக்கும் பிறந்தவள். எடை ஐந்தே முக்கால் ராத்தல். கருத்த முடி. உயிரின்றிப் பிறந்தாள்.' கீழே கையெழுத்துப் போட்டார். "இது எந்த ஆபீசுலயும் செல்லாதும்மா" என்றார். "தெரியும் மிஸ்ஸி" என்றேன்.

பள்ளி நிர்வாகி கெட்டவர் அல்லர். அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். "இது பிறப்புச் சூராட்டு இல்லையே, டீச்சர்."

"இல்லைங்கய்யா."

"பேறுகால விடுப்புன்னு எழுத எனக்கு வழியில்ல. உங்க உடம்பைப் பாத்தா நோய் விடுப்புன்னு எழுதலாம். ஒரு மாசம், அரைச் சம்பளம்."

வாங்கிக்கொண்டேன். 'மரகதம், ஆசிரியை, நோய்' என்று பதிவேட்டில் எழுதியதை நானே பார்த்தேன். என் வீக்கத்துக்கும் தலைவலிக்கும் அங்கே ஒரு பெயர் இருந்தது. அவை யாருக்காக வந்தனவோ அவளுக்கு இல்லை. வீடு வந்து சேரும்வரை அழுகை வரவில்லை. வந்த பிறகு நிற்கவில்லை.

ராமையா நாலைந்து நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சமைத்து வைப்பார், மருந்தை எடுத்துக் கொடுப்பார், வேலைக்குப் போய்விடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "கிளம்பு" என்றார். கடற்கரைத் திடலுக்குப் போய்ப் புல்லில் உட்கார்ந்தோம். எதிரே மலைகள் நீலமாகத் தெரிந்தன. பெரிய கப்பல் ஒன்று நங்கூரம் போட்டிருந்தது. கச்சான் (வேர்க்கடலை) பொட்டலத்தைப் பிரித்து என் கையில் வைத்தவர், கடலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மண்ணு தள்ளுறதுக்கு முன்னாடி நான் அவளைப் பேரு சொல்லிக் கூப்பிட்டேன். சத்தமாவே கூப்பிட்டேன். கூட வந்தவரு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அதை யாரும் கேக்கல மரகதம். அதான், எங்கயாவது எழுதி இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

"இப்ப நான் கேட்டுட்டேன்" என்றேன். அவர் தலையாட்டினார். வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தோம். எங்கள் முப்பது வருட வாழ்க்கையில் நாங்கள் மிக நெருக்கமாக இருந்த நேரம் எது என்று கேட்டால், அந்தக் காலையைத்தான் சொல்வேன்.

அவர் இப்போது இல்லை. சட்டம் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, மாறியிருக்கலாம். என் மாணவியிடம், பதிவு அலுவலகத்தில் போய்க் கேள், கேட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பு என்றுதான் சொன்னேன். கேட்கப் போன அந்த நடைகள்தான் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பின. இரண்டு மாதத்தில் பார்வை முழுதாகத் தெளிந்தது. கால் பழைய செருப்புக்குள் நுழைந்தது. உடம்பு குணமாகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அது பழைய உடம்பு அல்ல. யாரையோ கொஞ்ச நாள் வைத்திருந்து காலியான வீடு மாதிரி, நடந்தால் உள்ளே எதிரொலித்தது.

இரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் கருத்தரித்தேன். அப்போது ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டர் இருந்தார்; சென்னைப் பக்கத்திலிருந்து வந்த தமிழர். என் பழைய சீட்டு எதையும் அவர் பார்த்திருக்கவில்லை. பரிசோதித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டே, "இது ரெண்டாவது, இல்லையாம்மா?" என்றார்.

"எப்படித் தெரியும் டாக்டர்?"

"உடம்பு சொல்லுமே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, புது அட்டையில் 'கர்ப்பம்: இரண்டு' என்று எழுதினார். அவர் நிமிராமல் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"முதல் பிள்ளைக்கு என்ன வயசு?"

"ரெண்டு முடிஞ்சு ஒரு மாசம் ஆகுது, டாக்டர்" என்றேன்.